சிறு தொழில்களுக்குச் சர்க்கார் ஆராய்ச்சி மானியம்: விண்ணப்பமும் நிர்வாகமும்

விளைபொருளைப் பதப்படுத்துவதிலும், அதற்கு வேண்டிய கருவிகளைச் செய்வதிலும் ஈடுபட்டுள்ள விவசாயிகள் கிராமங்களில் பலர் உளர். அவர்களுள் சிலர் புதியதொரு யுக்தியைக் கண்டும், அதைப் பரீட்சித்துப் பார்க்கப் பணமின்றிக் கைவிட்டுவிடுகின்றனர். வேறு சிலர் சர்க்கார் மானியத்தைப் பெற்றும், கணக்கைச் சரிவர வைக்காத குறையினால் அடுத்த தவணையை இழக்கின்றனர். முன்பு பெற்றதில் ஒரு பகுதியைச் சொந்தக் கையிலிருந்து கட்டவும் நேரிடுகின்றது. முன்னவர் இழப்பது வரவிருந்த லாபம். பின்னவர் இழப்பதோ கைப்பொருளும் நற்பெயரும். இவ்விரு வகை நஷ்டத்தையும் தவிர்ப்பதற்குரிய முறைகள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

1. ஆராய்ச்சி மானியம் என்பது யாது?

சர்க்கார் மூலமாகக் கிடைக்கும் பண உதவி மூவகைப்படும். முதலாவது கடன், அது வட்டியுடன் திருப்பிக் கட்டத்தக்கது. இரண்டாவது உதவித்தொகை, சொட்டு நீர்ப் பாசனம் போன்று பயன் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை விவசாயி மேற்கொள்ளும்படி செய்வதற்காகக் கொடுக்கப்படுவது. மூன்றாவது ஆராய்ச்சி மானியம். இன்னும் தெரியாத ஒன்றைத் தெரிந்து கொள்வதற்காகக் கொடுக்கப்படுவது.

இந்த வித்தியாசத்தை உணராமையே பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளப்படுவதற்குக் காரணமாகும். கட்டடம் கட்டவும், இயந்திரம் வாங்கவும், தொழிலை விரிவு செய்யவும் பணம் வேண்டுவோர் பாங்கியை நாடுவதே முறை. ஒரு கேள்விக்கு விடை காண விரும்புவோருக்கே ஆராய்ச்சி மானியம் உரியது. பரீட்சை ஒழுங்காக நடந்திருக்குமாயின், விடை பாதகமாக வந்தாலும், முறையாகச் செலவு செய்த பணத்தைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை. ஆனால் செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

2. இம்முறை தோன்றிய வரலாறு

சிறு தொழில்களுக்கென்றே ஆராய்ச்சிப் பணத்தை ஒதுக்கி வைக்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவாயிற்று. அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1977-ம் வருஷத்தில் அதைச் சிறிய அளவில் தொடங்கியது. 1982-ம் வருஷத்தில் அது சட்டமாகிப் பல இலாகாக்களுக்கும் விரிந்தது. வெளியாருக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிச் செலவு வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒவ்வோர் இலாகாவும், அதில் ஒரு பங்கைச் சிறு தொழில்களுக்கு ஒதுக்க வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. ஆரம்பத்தில் நூற்றுக்கு 0.2 ஆக இருந்த அப்பங்கு, 2017-ம் நிதி வருஷத்தில் 3.2 ஆக உயர்ந்தது. அந்நாட்டு விவசாய இலாகாவும் இம்முறையில் சேர்ந்ததேயாகும்.

அத்திட்டம் மூன்று கட்டங்களாக வகுக்கப்பட்டது. யுக்தி சாத்தியமா என்று பார்க்கச் சிறு தொகை முதற் கட்டத்தில் கொடுக்கப்படும். சாத்தியமெனக் கண்டவற்றை முழு அளவில் உருவாக்கப் பெருந்தொகை இரண்டாம் கட்டத்தில் கொடுக்கப்படும். சந்தைக்குக் கொண்டுவரும் மூன்றாம் கட்டத்துக்கு அவ்வொதுக்கீட்டிலிருந்து பணம் கிடையாது. மானியம் ஒரு தொழிலை என்றென்றும் தாங்கி நிற்க ஏற்பட்டதன்று என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது. விண்ணப்பம் எழுதுவோர் இக்கொள்கையை மறத்தலாகாது.

இந்தியாவில் மத்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்ப இலாகா 2005-ம் வருஷத்தில் இதையொத்த திட்டமொன்றைச் சிறு தொழில்களுக்காகத் தொடங்கியது. 2012-ம் வருஷத்தில் ‘பைராக்’ என்னும் சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டபின், அத்திட்டம் அதன் வசமாயிற்று. ‘பிக்’ எனப்படும் ஆரம்ப மானியமும் அதே ஸ்தாபனத்தால் ஏற்படுத்தப்பட்டது. 18 மாத காலத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரையில் கொடுப்பது அதன் ஏற்பாடு.

விவசாயிகளுக்கு இன்னும் நெருங்கியது, ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ் 2018-19-ல் ஏற்பட்ட விவசாயத் தொழில் முனைவோர் திட்டமாகும். யுக்தி நிலையில் உள்ளவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், தொழிலாகத் தொடங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு 25 லட்சம் ரூபாய் வரையிலும் அதில் உதவி உண்டு. ஆரம்பத்தில் வகுத்த விதிகளின்படி, முன்னதில் நூற்றுக்கு 10 பங்கும், பின்னதில் 15 பங்கும் விண்ணப்பதாரரே போட வேண்டும். பணம் தொழில் வளர்ப்பு நிலையங்களின் வழியாக வரும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய நிலையம் ஒன்று உண்டு.

தொகையும், பங்கு விகிதமும், கடைசித் தேதியும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும். ஆகையால் பிறர் சொல்வதை நம்பாமல், அவ்வப்போது வெளியாகும் அறிவிப்பை முழுவதும் வாசித்த பின்னரே விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டும்.

3. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு கேள்வி

கரூர்ப் பக்கத்தில் முருங்கை பயிரிடும் ஒரு விவசாயி, இலையை உலர்த்தித் தூளாக்கி விற்று வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நிழலில் உலர்த்துவதால் நாட்கள் அதிகமாகின்றன. மழை நாளில் இலை பழுத்துக் கறுக்கின்றது. மெல்லிய சூட்டில் காற்றை வீசி உலர்த்தும் தட்டுப் பெட்டி ஒன்றை அவர் மனத்தில் திட்டமிட்டிருக்கிறார்.

அவர், “முருங்கைத் தூள் தொழிலை விருத்தி செய்யவும், கிராமத்தாருக்கு வேலை கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் தேவை” என்று எழுதினால், பரிசீலனை செய்வோர் அதில் கேள்வி எதையும் காணமாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பின்வருமாறு எழுதலாம்: “50 டிகிரி சூட்டில் காற்று வீசி உலர்த்தும் பெட்டியில், முருங்கை இலை 10 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 8 பங்கு ஈரத்துக்குக் குறையுமா? நிறம் நிழலில் உலர்ந்த இலைக்குச் சமமாக இருக்குமா? ஒரு கிலோ தூளுக்கு மின்சாரச் செலவு என்ன ஆகும்?” இவை மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று பகுதிகள். விடை அளவினால் அறியத்தக்கது. ஆகட்டும், ஆகாது என்று துணிந்து சொல்லத்தக்கது.

விஷயத்தை அளந்து அறிந்தவர் என்பது விண்ணப்பத்திலேயே புலப்பட வேண்டும். 100 கிலோ பச்சை இலையில் 75 கிலோ நீர் இருக்குமாயின், உலர் பொருள் 25 கிலோவே. அதை 8 சதவிகித ஈரம் வரையில் உலர்த்தினால் மிஞ்சுவது சுமார் 27 கிலோ. ஆகவே பெட்டியானது 73 கிலோ நீரை வெளியேற்றியாக வேண்டும். இச்சிறு கணக்கை எழுதியவர், எத்தனை தட்டுகள், எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்பவற்றை ஊகித்துச் சொல்ல இயலும். எழுதாதவர் கேட்கும் தொகைக்கு ஆதாரம் இல்லை.

4. விண்ணப்பத்தின் உறுப்புகள்

அ. இப்போதுள்ள முறையும் அதன் குறையும்: சொந்தக் களத்தில் குறித்து வைத்த எண்களே சிறந்தவை. சென்ற வருஷம் எத்தனை கிலோ இலை கறுத்து வீணாயிற்று என்பதை விற்பனைக் குறிப்பைக்கொண்டு காட்டலாம்.

ஆ. பிறர் முன்பே செய்தவை: பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இதே விஷயம் பரீட்சிக்கப்பட்டுள்ளதா என்று விசாரித்து எழுத வேண்டும். தெரிந்த விடைக்கு மறுபடியும் பணம் கிடைக்காது.

இ. பரீட்சை முறை: ஒரே காலையில், ஒரே வயலில் பறித்த இலையை இரு பங்காக்கி, ஒரு பங்கைப் பழைய நிழற் கொட்டகையிலும், மறு பங்கைப் புதிய பெட்டியிலும் உலர்த்த வேண்டும். இவ்வாறு குறைந்தது மூன்று முறையாவது வெவ்வேறு நாட்களில் செய்தல் நன்று. வெவ்வேறு வயல் இலைகளை ஒப்பிட்டால், வித்தியாசம் பெட்டியினாலா, இலையினாலா என்று சொல்ல முடியாது.

ஈ. தேறுதல் அளவு: எந்த எண் வந்தால் வெற்றி, எந்த எண் வந்தால் தோல்வி என்பதைப் பரீட்சைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பின்னர் அளவை மாற்றுவதற்கு இடம் இருத்தலாகாது.

உ. கால அட்டவணை: கருவி செய்ய 3 மாதம், பரீட்சைக்கு 6 மாதம், முடிவு எழுத 1 மாதம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். தவணைகள் பெரும்பாலும் இவ்வட்டவணையைப் பின்பற்றியே கொடுக்கப்படுகின்றன. இலை கிடைக்காத மாதங்களில் பரீட்சையைப் போடுதல் வீண்.

ஊ. செலவுத் திட்டம்: மேற்படி விவசாயியின் திட்டம் பின்வருமாறு இருக்கலாம். உலர்த்தும் பெட்டி செய்ய ரூ. 2,10,000, தராசு, சூட்டுமானி, ஈரமானி ரூ. 45,000, இலை விலை ரூ. 60,000, ஆய்வுக்கூடக் கட்டணம் ரூ. 80,000, கூலி ரூ. 75,000, பிரயாணம் ரூ. 30,000, ஆக மொத்தம் ரூ. 5,00,000. இதில் நூற்றுக்கு 10 வீதம் ரூ. 50,000 அவருடைய பங்கு, மானியம் ரூ. 4,50,000. ஒவ்வோர் இனத்துக்கும் கடைக்காரரின் விலைப் புள்ளியோ, பல்கலைக்கழகத்தின் கட்டண விகிதமோ இணைக்கப்பட வேண்டும். அதிகமாகக் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்துத் தொகையை உயர்த்தி எழுதுதல் தவறு. ஆதாரமற்ற ஓர் இனம் மற்ற இனங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சொந்தப் பங்கு எங்கிருந்து வரும் என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அறுவடைப் பணத்தை எதிர்பார்த்து ஒப்புக்கொண்டு, பின் பணமின்றி நின்றால் மானியமும் நின்றுவிடும்.

யுக்தி உண்மையிலேயே புதியதாயின், காப்புரிமை விஷயத்தையும் எண்ண வேண்டும். மனுச் செய்வதற்கு முன்பு கருவியைப் பலரறியக் காட்டிவிட்டால், புதுமை போய்விட்டதென்று பொதுவாக உரிமை மறுக்கப்படும். தற்காலிக மனு ஒன்றைக் கொடுத்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைத் தாக்கல் செய்ய 1970-ம் வருஷத்திய காப்புரிமைச் சட்டம் இடம் தருகின்றது. கருவிக்கே இவ்வுரிமை கிடைக்கலாம். பயிர் செய்யும் முறைக்கு அச்சட்டத்தின்படி கிடையாது.

5. உத்தரவு வந்தபின் முதற் காரியம்

மானியம் அனுமதித்த உத்தரவையும், கையெழுத்திடும் உடன்படிக்கையையும் வரிக்கு வரி வாசிக்க வேண்டும். எந்தத் தேதி முதல் செலவு ஒப்புக்கொள்ளப்படும், எந்த எந்த இனங்களுக்குப் பணம், தவணைகள் எத்தனை, அறிக்கை எப்போது அனுப்ப வேண்டும் என்னும் நான்கையும் ஒரு தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் நலம். அனுமதித் தேதிக்கு முன் வாங்கிய சாமானுக்கு, மானியத்திலிருந்து பணம் எடுக்க இயலாது என்பதே பொது விதி.

பாங்கியில் மானியத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். விளைபொருள் விற்ற பணமும், பயிர்க் கடன் பணமும் அதில் கலத்தலாகாது. அக்கணக்கில் சேரும் வட்டியும் சர்க்கார் பணமென்றே கருதப்படுவதால், அதைத் தனியே காட்ட வேண்டும்.

இயந்திரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது சிலர் கவனியாத விஷயம். இறைவைப் பம்புக்காகக் கொடுக்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து உலர்த்தும் பெட்டியை ஓட்டுதல் கூடாது. அனுமதித்த காரியத்துக்கல்லாமல் வேறொன்றுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவோர், 2003-ம் வருஷத்திய மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி மிகுந்த கட்டணம் செலுத்த நேரிடும். தகுந்த விகிதத்தில் தனி இணைப்புக்கு முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும்.

6. வைக்க வேண்டிய புத்தகங்கள்

ஐந்து புத்தகங்கள் போதுமானவை.

(1) ரொக்கப் புத்தகம்: வரவும் செலவும் நடந்த அன்றே எழுதப்பட வேண்டும்.
(2) வவுச்சர் கோப்பு: ஒவ்வொரு ரசீதுக்கும் வரிசை எண் இட்டு, ரொக்கப் புத்தகத்தில் அதே எண்ணைக் குறிக்க வேண்டும்.
(3) சாமான் ரிஜிஸ்தர்: கருவிகளை ஒரு பக்கத்திலும், இலை போன்று தீர்ந்துபோகும் பொருள்களை வேறு பக்கத்திலும் எழுத வேண்டும்.
(4) கூலிப் பட்டி: ஆள் பெயர், தேதி, வேலை, கூலி, கையெழுத்து அல்லது கைநாட்டு ஆகியவை இருக்க வேண்டும்.
(5) பரீட்சைக் குறிப்பு: இலை பறித்த நேரம், எடை, சூடு, ஈரம், மழை வெயில், பழுது ஆகியவற்றை அவ்வப்போது குறிக்க வேண்டும். தவறாக எழுதியதைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதலாம். தாளைக் கிழித்தல் ஆகாது.

ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தியிருத்தல் அவசியம். பரீட்சைக் குறிப்பில் 40 கிலோ இலை உலர்த்தியதாகவும், வவுச்சரில் 90 கிலோ வாங்கியதாகவும் இருந்தால், எஞ்சிய 50 கிலோ எங்கே என்று தணிக்கையாளர் கேட்பார்.

ரசீதுக் குறையினால் வரும் நஷ்டத்தைப் பின்வரும் கணக்கினால் அறியலாம். முதல் தவணையாக ரூ. 2,00,000 வந்தது. அதில் ரூ. 1,60,000 செலவாயிற்று, ரூ. 40,000 பாங்கியில் இருக்கின்றது. செலவில் ரூ. 38,000-க்குக் கொடுத்த ரசீதுகள் தேதியும் கடைப் பெயருமில்லாத துண்டுக் காகிதங்கள். தணிக்கையில் அவை தள்ளப்பட்டன. எனவே ஒப்புக்கொள்ளப்பட்ட செலவு ரூ. 1,22,000 மட்டுமே, கையிருப்பு ரூ. 78,000 இருக்க வேண்டும். இருப்பதோ ரூ. 40,000. அந்த விவசாயி ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை; சாமான் கொட்டகையிலேயே இருக்கின்றது. ஆயினும் ரூ. 38,000-ஐ அவரே ஈடு செய்ய வேண்டும். அதுவரை இரண்டாம் தவணை வராது. இலை பறிக்கும் பருவமும் அதற்குள் கழிந்துவிடும்.

7. இனம் மாற்றுதலும், காலம் நீட்டுதலும்

பரீட்சை நடக்கையில் திட்டம் மாறுவது இயல்பே. விசிறி பழுதாகலாம், கூலி உயரலாம், மழை பொய்க்கலாம். ஓர் இனத்தில் மிஞ்சியதை வேறு இனத்துக்குச் செலவிட வேண்டுமானால், உடன்படிக்கையில் அனுமதித்த வரம்புக்கு மேற்பட்ட மாற்றத்துக்குச் செலவு செய்வதற்கு முன்பே எழுத்து மூலமாக அனுமதி பெற வேண்டும். உத்தியோகஸ்தர் ஒருவர் வாய்மொழியாகச் சரியென்று சொன்னது தணிக்கையில் நில்லாது. கால நீட்டிப்பையும், காலம் முடிவதற்கு முன்பே காரணத்தோடு கேட்க வேண்டும். ஒரே செலவை இரண்டு திட்டங்களில் காட்டுதல் பெருங்குற்றமாகும்.

8. பயன்பாட்டுச் சான்றும் முடிவு அறிக்கையும்

பெற்ற பணம் உரிய காரியத்துக்கே செலவாயிற்று என்று உறுதி கூறும் பத்திரம் பயன்பாட்டுச் சான்றிதழ் எனப்படும். 2017-ம் வருஷத்திய பொது நிதி விதிகளின்படி, மானியம் பெற்ற ஸ்தாபனங்கள் நிதி வருஷம் முடிந்த 12 மாதங்களுக்குள் மத்திய சர்க்காருக்கு இதைக் கொடுக்க வேண்டும். தொழில் வளர்ப்பு நிலையம் பலரிடமிருந்து கணக்கைத் திரட்டி அனுப்ப வேண்டியிருப்பதால், தன்னிடம் பணம் பெற்றோரிடம் இன்னும் முன்னதாகவே கேட்கும். ஒருவர் தாமதித்தால் மற்றவர்களுடைய தவணையும் தடைப்படக்கூடும். மானியப் பணத்தில் வாங்கிய கருவியை, அனுமதியின்றி விற்பதும் பிறருக்கு மாற்றுவதும் கூடாது.

முடிவு அறிக்கையில் வந்த எண்கள் அனைத்தையும் எழுத வேண்டும். பெட்டியில் உலர்ந்த இலை 10 மணிக்குப் பதிலாக 14 மணி நேரம் எடுத்தது என்றால், அதை அப்படியே கூறி, காரணம் தட்டுகளின் நெருக்கமா, காற்றின் குறைவா என்று ஆராய்ந்து எழுதுவதே தக்கது. அத்தகைய அறிக்கையால் அடுத்து அதே வேலையில் இறங்கும் விவசாயிக்குச் செலவு மிஞ்சும். பொய்யாக வெற்றி காட்டிய அறிக்கையை நம்பிப் பத்துப் பேர் பெட்டி செய்து நஷ்டமடைந்தால், அப்பழி எழுதியவரையே சாரும்.

9. கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

நிலத்தின் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களும், இருப்பிடச் சான்றும் விண்ணப்பத்துக்கு வேண்டியிருக்கும். கடைசி நாளில் வருவோருக்கு இவை கிடைப்பது அரிது. ஆகையால் அறிவிப்பு வெளியானதும் கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும் அதைப் பலரறியச் செய்தால் பேருதவியாகும். கொட்டகை இருக்கும் இடம் எவருடைய பெயரில் உள்ளது என்பதை நேரில் பார்த்த பின்னரே சான்று கொடுத்தல் வேண்டும். பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை ஆகாத நிலத்தில் மானியக் கருவியை நிறுத்திப் பின்னர் வழக்கு ஏற்படுமாயின், பரீட்சை நின்றுபோகும். பங்காளிகள் அனைவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி முன்பே எச்சரிப்பது அவர்கள் கடமை.

மானியம் வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் தரகர்கள் தலையிடாதபடியும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தரகர் எழுதிய விண்ணப்பத்தைப் பற்றி நேரில் கேள்வி கேட்கும்போது, விண்ணப்பதாரர் விடை கூற முடியாமல் நிற்க நேரும். தம் களத்தையும் தம் கருவியையும் அறிந்தவர், எளிய சொற்களில் தாமே எழுதுவது அதனினும் மேலானது.

10. முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை

அ. தொழிலை விரிவாக்கப் பாங்கிக் கடனும், தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி மானியமும் உரியவை.

ஆ. ஒரு விண்ணப்பத்தில் ஒரு கேள்வியே இருக்க வேண்டும். வெற்றி தோல்வியின் அளவை முன்பே எழுத வேண்டும்.

இ. ஒவ்வொரு தொகைக்கும் விலைப் புள்ளி இணைக்க வேண்டும். சொந்தப் பங்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈ. அனுமதித் தேதிக்கு முன் செலவு செய்யலாகாது. தனிப் பாங்கிக் கணக்கு அவசியம்.

உ. தேதி, பெயர், தொகை, கையெழுத்து இல்லாத ரசீதை வாங்கலாகாது.

ஊ. மாற்றம் வேண்டுமானால் முதலில் எழுத்து மூலம் அனுமதி பெற்று, பிறகு செலவு செய்ய வேண்டும்.

எ. பாதகமான விடையையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும்.

நாள்தோறும் மாலையில் கால் மணி நேரம் புத்தகங்களை எழுதும் பழக்கம் உள்ள விவசாயிக்கு இவற்றில் எதுவும் கடினமன்று. விதைப்புக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவது போன்று, பணம் வருவதற்கு முன்பே அப்பழக்கத்தைக் கைக்கொள்வோர், முதல் மானியத்தைக் குறைவின்றி முடித்து, அடுத்ததற்கும் தகுதி பெறுவர்.